புரிந்த முகம்

தன் முகத்தைப் பார்த்துத் தானே எரிச்சல்பட மற்றவர்களுக்கு ஒரு கண்ணாடியாவது வேண்டும். அமலோற்பவம் டீச்சருக்கு வகுப்புக்குள் நுழைந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் ஒரு திரைப் பலகை நிற்கும். ஒவ்வொரு பலகையிலும் அமலோற்பவம் டீச்சர் நிற்பாள். கடுகு நிறச் சேலை, எட்டு வயது குறைந்த முகம், ஒரு நரைகூட இல்லாத தலை. நிஜ அமலோற்பவத்துக்கு அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து சார்ஜர் வயரைச் சொருகுகிற வேலை. நழுவிய இயர்போனைக் காதில் வைத்துவிடலாம், தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டலாம். பாடம் மட்டும் நடத்தக் கூடாது.

வீடியோ பாடம் ஒன்றும் புதிதல்ல. முன்பும் இருந்தது. பிள்ளைகள் அதை ஓடவிட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை வீடியோவைப் பார்க்கலாம், வீடியோ பிள்ளையைப் பார்க்க முடியாது. அதுதான் அதில் இருந்த குறை. தெளிவுப் பலகை அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. பலகை பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். புரிந்துவிட்டது என்று முகம் சொன்னால் ஓரத்தில் பச்சைக் கோடு விழும், அடுத்த பாடம் திறக்கும். புரியவில்லை என்றால் மஞ்சள் கோடு. திரையில் இருக்கும் டீச்சர் சிரித்த முகத்தோடு, "பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்றேன்" என்று வேறு உதாரணத்தோடு ஆரம்பிப்பாள். அந்த உதாரணங்களை அமலோற்பவம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் முகத்தையும் குரலையும் வாங்கிக்கொண்ட பலகை, மிச்சத்தைத் தானே பேசிக்கொண்டது.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? அமலோற்பவத்துக்கும் அப்படித்தான் இருந்தது. டீச்சரே ஏறி வராத சிறுமலைக் குக்கிராமங்களில் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து தன்னிடம் படிக்கும் என்று நினைத்துத்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் பலகை நிறுவனத்துக்கு அவள் முகம் கொடுத்தாள். படித்தார்கள், பொய் சொல்லக் கூடாது. இரண்டே வருஷத்தில் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். புரிந்துவிட்டது என்று பலகையே சொல்லும்போது பரீட்சை எதற்கு? பாடங்கள் எல்லாம் பச்சையானால் பாஸ். பெற்றோர்கள் பட்டாசு வெடித்தார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அமலோற்பவத்தின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்று வெயிலில் வெளுக்கிற வரைக்கும் நின்றது.

அந்த அமலோற்பவத்தின் மகள்தான் ரோஸ்லின். ஐப்பசியில் மின்னோட்டப் பாடத்துக்கு வந்தவள், தை பிறந்தும் அதிலேயே நின்றாள்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. முதலில் அதை முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் காதுபடச் சொன்னார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏறுகிற பாடம் பெற்ற பிள்ளைக்கு ஏறவில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? தேங்கிப்போன பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடத்தில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். முன்பு ஆய்வகச் சாமான் போட்டுவைத்த அறை அது. முகத்தில் விழுகிற வெளிச்சம் மாறக் கூடாது என்பதற்காக ஜன்னலை மரப்பலகை அடித்து மூடியிருந்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு தெளிவுப் பலகை. பச்சைக் கோடு விழும்வரை அந்தப் பிள்ளைக்கு வேறு வகுப்பு இல்லை, விளையாட்டு இல்லை. வருஷம் முடிவதற்குள் விழாவிட்டால் மறுபடி அதே வகுப்பு, அதே அறை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் அந்த அறைக்கு ஒரு பூட்டுகூடக் கிடையாது. தேவையும் இல்லை. வெளியே போனாலும் பிள்ளை எங்கே போகும்?

காலையில் மகளை அந்த அறை வாசல்வரை கொண்டுபோய் விடுவாள் அமலோற்பவம். உள்ளே திரையில் அவளே காத்திருப்பாள். "வா ரோஸ்லின், நேத்து விட்ட இடத்துலேருந்து பாக்கலாமா?" என்று கேட்கிற குரல், கதவை மூடிய பிறகும் கேட்கும். வெளியே நிற்பவளுக்கு உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி இல்லை. வெளி விளக்கம் கலந்தால் பலகையின் கணக்கு குழம்பிவிடுமாம். வீட்டிலும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பெற்றவள் மகளுக்குப் பாடம் சொல்வது குற்றம் என்று ஆன காலத்தை யார்தான் எதிர்பார்த்தார்கள்?

ஒருநாள் சாயங்காலம் கொத்தவரங்காயை நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அந்தப் பாடத்துல உனக்கு எதுடி புரியல?"

"எல்லாம் புரியுதும்மா."

"அப்புறம் ஏன் பச்சை விழ மாட்டேங்குது?"

"தெரியல. மிஸ் சொல்றாங்க, எலக்ட்ரான் மைனஸ்லேருந்து பிளஸ்ஸுக்குப் போகுதாம். ஆனா மின்னோட்டத்துக்கு அம்புக்குறி போடும்போது பிளஸ்ஸிலேருந்து மைனஸுக்குப் போடச் சொல்றாங்க." ரோஸ்லின் திரையில் இருப்பவளை மிஸ் என்றுதான் சொல்வாள். "ஓடுறது ஒரு பக்கம், அம்பு இன்னொரு பக்கம். ஏன்னு யோசிச்சேன். எலக்ட்ரான் இருக்குன்னே தெரியாத காலத்துல யாரோ குத்துமதிப்பா அம்பு போட்டிருக்கணும். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சும் மாத்தல. எல்லாப் புஸ்தகத்தையும் மாத்தணுமேன்னு விட்டிருப்பாங்க. அப்படித்தானம்மா?"

அமலோற்பவத்தின் கையில் கத்தி நின்றுவிட்டது. அப்படித்தான். அது பாடத்தில் எங்கும் இல்லை. அவள் பதிவு செய்தபோது அதைச் சொல்லவும் இல்லை. அவள் மகள் ஜன்னல் மூடிய அறையில் உட்கார்ந்து தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். இவளுக்கா புரியவில்லை? சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது, அதே மூச்சில் பயமும் வந்தது. அப்படியானால் கோளாறு பிள்ளையிடம் இல்லை.

பலகை பழுது என்று எழுதிப்போட்டாள். பழுது பார்க்க நிறுவனத்திலிருந்து ஒருவன் வந்தான். தௌபீக் என்று பெயர், பழனிக்காரன். கழுத்தில் அடையாள அட்டையும் வாய் நிறையச் சிரிப்புமாக இருந்தான். ரோஸ்லினை வெளியே அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தான். திரையில் பாடம் ஓடியது. முழுசாக முடிவதற்குள் பச்சைக் கோடு விழுந்தது.

"பலகை நல்லாத்தான இருக்கு டீச்சர்."

"உங்களுக்கு இந்தப் பாடம் முன்னாடியே தெரியுமா தம்பி?"

"எனக்கா? ஒரு எழவும் புரியல. சாப்பிட எங்க போறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அமலோற்பவம் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு தேய்ந்தது.

"புரியாம எப்படி பச்சை விழும்?"

தௌபீக் கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். "டீச்சர், இந்த மிஷினுக்குப் புரியுறதுன்னா என்னன்னு தெரியாது. மூஞ்சி மட்டும்தான் தெரியும். ஆரம்பத்துல கொஞ்சம் பிள்ளைங்களைக் காட்டி, இது புரிஞ்ச மூஞ்சி, இது புரியாத மூஞ்சின்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் அதுவே வளந்துக்கிச்சு. யார் யாரெல்லாம் பாஸ் ஆகுறாங்களோ அவங்க மூஞ்சியையும் சேத்துக்கிட்டே போகும். பாப்பா என்ன பண்ணுதுன்னா, யோசிக்குது. யோசிச்சா நெத்தி சுருங்குது, கண்ணு திரையை விட்டு மேல போகுது. அதைத்தான் இது புரியலன்னு எடுத்துக்குது."

"யோசிக்கிறதைப் புரியாத மூஞ்சின்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"என்ன டீச்சர் தெரியாத மாதிரி கேக்குறீங்க? மொதல்ல காட்டுனது உங்க கிளாஸ் பிள்ளைங்களைத்தான. பாடம் முடிஞ்சதும் புரிஞ்சவங்க கை தூக்குங்கன்னு சொல்லி, கை தூக்குன பிள்ளைங்களை எல்லாம் புரிஞ்சதுன்னு குறிச்சுக்கிட்டாங்களாம். புரியாத மூஞ்சி அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுதுன்னு ஆபீஸ்ல இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க."

அமலோற்பவத்துக்கு அந்தக் கைகள் ஞாபகம் வந்தன.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் டீச்சர் முதல் நாளே சொல்லிவைப்பார்: "கேள்வி கேட்டால் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்குங்கள், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்குங்கள். தூக்காமல் மட்டும் யாரும் இருக்காதீர்கள்." வருகிறவர் பார்த்தால் வகுப்பு முழுக்கக் கை. டீச்சர் வலது கை ஒன்றைப் பார்த்து எழுப்பிவிடுவார். வந்தவரும் திருப்தியாகப் போவார். அவரும் சின்ன வயதில் இடது கையைத் தூக்கியவர்தான், அதனால் யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. ஆனால் இயந்திரம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. அதற்கு வலது கையும் கைதான், இடது கையும் கைதான்.

பலகைக்காகப் படம் பிடிக்கக் கேமராக்காரர்கள் வந்தபோது தலைமையாசிரியர் பள்ளிக்கூட மானம் என்றார். அமலோற்பவமும் வழக்கம்போலச் சொல்லிவைத்தாள். சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியட் அது. பிள்ளைகளில் முக்கால்வாசி இடது கையைத் தூக்கிக்கொண்டு, சத்துணவுக் கூடத்துச் சாம்பாரை நினைத்துக்கொண்டு, இவளையே பார்த்துக்கொண்டிருந்தன. விட்டால் போதும் என்கிற முகம். முத்துச்செல்வி என்று ஒரு பெண் மட்டும் எந்தக் கையையும் தூக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருந்தாள். பாடம் முடிந்த பிறகு வந்து கேள்வி கேட்டவளும் அவள் ஒருத்திதான். என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அவளை வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்துத் திட்டியது இப்போது ஞாபகம் வந்தது.

"தம்பி," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "அது தப்பு. அன்னிக்கு அந்தப் பிள்ளைங்களுக்குப் புரியவே இல்லை. சும்மா கை தூக்குச்சுங்க. இதை உங்க ஆபீஸ்ல சொல்லி மாத்தச் சொல்லுங்க."

தௌபீக் கருவிகளைப் பெட்டிக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தான். "எதை டீச்சர் மாத்துறது? எத்தனை லட்சம் பிள்ளைங்க அந்த மூஞ்சியைக் காட்டிப் பாஸ் பண்ணி, காலேஜ் போயி, வேலைக்கே வந்தாச்சு. நானே மொத செட்டுதான். கடைசி வரிசைல உக்காந்துக்கிட்டு எல்லாப் பாடத்தையும் பச்சையாக்குனேன். நம்ம பிள்ளைக்கு இவ்ளோ அறிவான்னு எங்க அத்தா ஊரெல்லாம் முட்டாய் குடுத்தாரு." அவன் பெட்டியை மூடினான். "அடிக்கல்லை உருவிட்டு வீடு நிக்கணும்னா எப்படி நிக்கும்? நான் பலகை நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போறேன். நீங்க பாப்பாவுக்கு அந்த மூஞ்சியைக் கத்துக் குடுத்துருங்க. வேற வழி இல்ல."

அவள் நேராகத் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டு முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை.

"டீச்சர், பிள்ளைங்களுக்குப் புரியலன்னு இந்த எட்டு வருஷத்துல யாராவது வந்து புகார் சொன்னாங்களா?"

"புரியலன்னு சொல்ற பிள்ளையைத்தான் அறையில போட்டு அடைக்கிறோமே சார்."

"சரி, நீங்க சொல்றதுதான் உண்மைன்னே வச்சுக்குவோம். வெளிய சொல்லுங்க. நாளைக்கு என்ன நடக்கும்? பாஸான பிள்ளைங்க சர்டிபிகேட் எல்லாம் செல்லாதுன்னு ஆகும். ஊர்க்காரன் யாரைத் தேடி வருவான்? நிறுவனத்தையா? அவனுக்கு அவங்க முகம் தெரியாது. உங்க முகந்தான் தெரியும்." குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க பிள்ளை பாஸ் ஆகலன்னதும் நீங்க கிளப்பிவிடுறீங்கன்னுதான் பேசுவாங்க. அப்புறம் ரோஸ்லின் எந்தப் பலகை முன்னாடியும் உக்கார முடியாது. யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இருந்தது. சொன்னால் லட்சம் பிள்ளைகள் தெருவுக்கு வரும், மகளும் சேர்ந்து வருவாள். சொல்லாவிட்டால் மகள் அந்த அறையிலேயே கிடப்பாள். தானே கட்டிய சுவர் என்று தெரிந்தபோது அழுகைகூட வரவில்லை.

புருஷன் சூசைராஜுக்கு இதில் குழப்பமே இல்லை. மில்லில் ஷிப்ட் முடித்து வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு மூஞ்சியைக் காட்டுனா விட்டுரும்னா காட்டிட்டுப் போகட்டுமே. சூப்பர்வைசர் முன்னாடி நான் தெனமும் காட்டுற மூஞ்சி என்ன, என் சொந்த மூஞ்சியா? வீட்டுக்கு வந்தா என் மூஞ்சி எனக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அமலோற்பவம் பிடித்துக்கொண்டாள். அங்கே ஒரு முகம், வீட்டில் ஒரு முகம். அவ்வளவுதானே. ஊரில் எல்லோரும் செய்வதுதானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, சூசைராஜ் கண்ணயர்ந்த பிறகு, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் மகளை உட்காரவைத்தாள். சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அவளைத் தடுத்த பிறகு அவள் நடத்திய முதல் பாடம் அதுதான்.

"நெத்தியை விடு. இன்னும். ஆங், அப்படி. வாயை இறுக்காத. கண்ணு அவ கண்ணையே பாக்கணும். ஆனா பாக்காத."

"பாக்கணும், பாக்கக் கூடாது. என்னம்மா சொல்ற?"

"அவ பேசுறதைக் காதுல வாங்காத. முடிஞ்சா போதும்னு மட்டும் நினை. மணி அடிக்கப் போகுதுன்னு நினை."

ரோஸ்லின் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நெற்றியில் அந்தச் சுருக்கம் மறுபடி எட்டிப் பார்த்தது. அமலோற்பவம் விரலால் அதைத் தேய்த்துவிட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தைலம் தேய்ப்பதுபோல.

"தானா வருதும்மா. அவங்க ஒண்ணு சொல்றாங்க, உடனே கேள்வி வந்துருது. கேள்வி வந்தா என்ன பண்றது?"

"வர விடாத."

"எப்படி வர விடாம இருக்கிறது?"

கேள்வி வரவழைக்கத்தான் அமலோற்பவம் டீச்சருக்குப் படித்திருந்தாள். "அது அப்படித்தான்னு சொல்லிக்கோ," என்றாள் கடைசியில். "எது வந்தாலும், அது அப்படித்தான், அது அப்படித்தான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இரு." சொல்லும்போது தன் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது. பிள்ளை கெட்டிக்காரி. பொழுது சாய்வதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்த அமலோற்பவத்துக்கு அன்றைய வகுப்பு முழுவதும் திரும்ப வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

மறுநாள் முதல் பீரியடிலேயே பச்சை விழுந்தது. அதற்குப் பிறகு ரோஸ்லினைப் பிடிக்க முடியவில்லை. மின்னோட்டம் முடிந்தது, காந்தவியல் முடிந்தது, வேதியியலைத் தொட்டதும் முடித்தாள். பலகை அவளிடம் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. மக்கு என்று பேசியவர்களே வந்து கை கொடுத்தார்கள். தாயைப்போல பிள்ளை என்று இப்போது சொன்னார்கள். ஜன்னல் மூடிய அறைக்கு வேறொரு பிள்ளை போனது. காலையில் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டாள் அமலோற்பவம்.

வீட்டில் அந்த முகம் கழன்று விழும் என்றுதான் அவள் காத்திருந்தாள். சூசைராஜின் முகம் கழல்கிறதே. தட்டைக் கழுவும்போது, துணி மடிக்கும்போது, மகள் ஏதாவது கேட்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே கேட்டாள்.

"மழை பேஞ்சா மண் வாசனை வருதே, ஏன்டி வருது?"

"வரும்மா."

"அதான் ஏன்?"

ரோஸ்லின் நிமிர்ந்து அம்மாவின் கண்ணையே பார்த்தாள். நெற்றி வழவழவென்று இருந்தது. "அது அப்படித்தாம்மா," என்றாள் பணிவாக.

நாற்பது வயதுக்காரர் மாலையில் கழற்றி வைக்கிற சட்டை வேறு. வளர்கிற பிள்ளைக்கு இரும்பில் சட்டை தைத்துப் போட்டால் உடம்புதான் அதற்குத் தகுந்தமாதிரி வளரும். இதை யோசிக்காமல் விட்டோமே என்று அமலோற்பவம் அன்றைக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பங்குனியில் நிறுவனத்திலிருந்து பெரிய காரில் ஓர் அம்மாள் வந்து இறங்கினாள். பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. மேடையில் ரோஸ்லினை நடுவில் நிறுத்தி, அந்த அம்மாள் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணு முகம் மாதிரி தெளிவான முகத்தை நாங்க எங்கயுமே பாத்ததில்ல மேடம். ஒரு கலக்கம் இல்ல, ஒரு தயக்கம் இல்ல. பலகையோட அடுத்த பதிப்பு நாடு முழுக்கப் போகுது. லட்சக்கணக்கான முகத்தை வச்சுக் குழப்பிக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். இந்த ஒரு முகம் போதும். இனிமே எந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சிருக்குன்னு பாக்கணும்னாலும் ரோஸ்லின் முகத்தோட ஒப்பிட்டுப் பாத்தாப் போதும்."

தலைமையாசிரியர் முதலில் கை தட்டினார். மண்டபம் தொடர்ந்தது. அமலோற்பவத்துக்கு எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஊர்களில் ஜன்னல்களை அடைத்து மரப்பலகை அடிக்கிற சத்தம்தான் கேட்டது. மகள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு இதுல சம்மதமாடி?"

"சரிம்மா."

"நெசமாச் சொல்லு. வேணாம்னா அம்மாகிட்ட சொல்லு."

"சரிதாம்மா," என்றாள் ரோஸ்லின், அதே முகத்தோடு. உள்ளே ஒரு பெண் ஒளிந்துகொண்டு நடிக்கிறாளா, அல்லது உள்ளே யாருமே இல்லையா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அந்த நொடியில்தான் அமலோற்பவம் முடிவு செய்தாள். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை, போகட்டும். வேண்டாம் என்று சொல்லலாமே. காரணம் சொல்ல வேண்டியதில்லை. என் பிள்ளை, என் இஷ்டம்.

பெற்றோர் சம்மதத்தை இப்போதெல்லாம் வாயால் சொன்னால் எடுத்துக்கொள்வதில்லை. விதிமுறைகள் புரிந்துதான் சம்மதிக்கிறார் என்று பலகையே பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார்கள். கடுகு நிறச் சேலையில் அவளே வந்து நின்று, ஒவ்வொரு விதியாக விளக்கினாள். ரோஸ்லினின் முகத்தை எங்கே பயன்படுத்துவார்கள், எத்தனை காலம், யாருக்கு உரிமை என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் அமலோற்பவம்.

மஞ்சள் கோடு விழுந்தது. "பரவாயில்லை," என்றாள் திரையில் இருந்தவள். "இன்னொரு தடவை சொல்றேன்."

"புரியுது. புரிஞ்சுதான் வேண்டாங்கிறேன்."

"எந்த இடத்துல உங்களுக்குக் குழப்பம்னு எனக்குத் தெரியுது. கவலைப்படாதீங்க." பாடம் முதலிலிருந்து ஆரம்பித்தது, வேறு உதாரணத்தோடு.

பலகையில் மறுப்புக்கு ஒரு பொத்தான் இருக்கும் என்று தேடினாள். இல்லை. அதற்குத் தெரிந்தது இரண்டே முகம். வேண்டாம் என்கிற முகத்தை அதற்கு யாரும் என்றைக்கும் காட்டியதில்லை. அன்றைக்கு வகுப்பில் அவளும் காட்டவில்லை. மறுக்கிறவளும் அதற்குப் புரியாதவள்தான். பலகையை மேசைமேல் வைத்தாள். அந்த அம்மாள் அதைச் சிரித்துக்கொண்டே எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்தாள். "அவசரமே இல்ல மேடம். டைம் எடுத்துக்குங்க. உங்களுக்குப் புரியுற வரைக்கும் நாங்க எல்லாரும் வெயிட் பண்றோம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். தலைமையாசிரியர் அவள் பக்கம் பார்க்காமல் நின்றார். சூசைராஜ் கீழே முன்வரிசையில், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் பெஞ்சில் நெளிந்தன. அவள் வேண்டாம் என்றாள், முடியாது என்றாள், மாதாவே என்றாள். ஒவ்வொரு தடவையும் திரையில் இருந்தவள் முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல் முதலிலிருந்து தொடங்கினாள். எவ்வளவு பொறுமையான டீச்சர். தன்னிடம் இத்தனை வருஷமாகப் படிக்கிற பிள்ளைகளை அமலோற்பவம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரிந்துகொண்டாள்.

கால் கடுத்தது. பலகையைப் பிடித்த கை மரத்துப்போனது. திரையில் இருந்தவள் என்ன பேசுகிறாள் என்று காதில் விழாமலே போய்விட்டது. அவள் எதற்கும் சம்மதிக்கவில்லை. வெறுமனே நின்றாள், அவ்வளவுதான்.

பச்சைக் கோடு விழுந்தது.

"ரொம்ப நல்லது," என்றாள் திரையில் இருந்தவள். "உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

"நான் சரின்னு சொல்லல," என்றாள் அமலோற்பவம். மண்டபமே எழுந்து தட்டிய கைதட்டலில் அது பக்கத்தில் நின்றவளுக்குக்கூடக் கேட்டிருக்காது. பக்கத்தில் ரோஸ்லின் நின்றிருந்தாள். எல்லோரும் தட்டுவதைப் பார்த்து அவளும் தட்டினாள்.